புளோரிடாவின் பூர்வகுடிகளான செமினோல்களோடு அமெரிக்கா நடத்திய செமினோல் போர்கள் நிலத்துக்காக நடந்தவைதானே? அவற்றை ஏன் அடிமைமுறையோடு இணைத்துப் பேசுகிறார்கள்?

நீங்களும் என்னைப்போலப் பிழைப்புக்காகப் புளோரிடாவுக்கு வந்து, பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்துவிட்டு இதைக் கேட்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். நான் வரலாறு படித்தவன் அல்லன், மென்பொருள் எழுதுகிறவன். ஆனால் இதே கேள்வியில் ஒரு சிறுமிக்குத் தவறாகத் தீர்ப்புச் சொன்னவன் என்பதால் பேசாமல் இருக்க முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஜாக்சன்வில்லில் நம்மவர்கள் நடத்திய பொங்கல் விழாவில் பிள்ளைகளுக்கான வினாடி வினா என் பொறுப்பில் இருந்தது. செமினோல் போர்கள் எதற்காக நடந்தன என்ற கேள்விக்கு, அட்டையின் பின்புறம் 'நிலம்' என்று எழுதி வைத்திருந்தேன். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, "நிலத்துக்கு மட்டும் இல்ல அங்கிள், தப்பிச்சுப் போன அடிமைகளைப் பிடிக்கவும்தான்" என்றாள். அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மதிப்பெண் இல்லை என்றேன். "நீங்க படிச்சுப் பாத்தீங்களா அங்கிள்?" என்று கேட்டுவிட்டு மைக்கைக் கீழே வைத்தாள். அவளுடைய அணி 5 மதிப்பெண்ணில் தோற்றது. அன்றிரவுதான் படிக்கத் தொடங்கினேன்.

புளோரிடா ஸ்பெயினிடம் இருந்தபோது, ஆங்கிலேயக் குடியேற்றங்களிலிருந்து தப்பிவந்து கத்தோலிக்கம் தழுவும் அடிமைகளுக்கு விடுதலை என்று 1693-இல் ஸ்பானிய மன்னர் ஆணையிட்டார். அப்படி வந்தவர்களுக்காக 1738-இல் செயின்ட் அகஸ்டினுக்கு வடக்கே மோசே கோட்டை எழுந்தது. பின்னாளில் தப்பிவந்த பலர் செமினோல்களின் ஊர்களை அடுத்துத் தங்கள் ஊர்களை அமைத்து, விளைச்சலில் ஒரு பங்கைத் தலைவர்களுக்குக் கொடுத்து, கையில் ஆயுதத்தோடு வாழ்ந்தார்கள். செமினோல் தலைவர்களும் அடிமைகளை வைத்திருந்தார்களே என்று யாரேனும் சொல்ல வருமுன் நானே சொல்லிவிடுகிறேன்: வைத்திருந்தார்கள். ஆனால் தனிவீடும் தனிவயலும் துப்பாக்கியும் உள்ள அந்த வாழ்வு, ஜார்ஜியாப் பருத்தித் தோட்டத்து அடிமை வாழ்வு அன்று. எல்லைக்கு அப்பால் அப்படியொரு வாழ்வு இருந்ததே தோட்ட முதலாளிகளின் தூக்கத்தைக் கெடுத்தது.

அதனால்தான் 1816-இல், ஸ்பானிய மண் என்றும் பாராமல், அப்பலாச்சிக்கோலா ஆற்றங்கரையில் தப்பி வந்தவர்கள் தங்கியிருந்த கோட்டையை அமெரிக்கப் படை தாக்கியது. பழுக்கக் காய்ச்சிய ஒரு பீரங்கிக் குண்டு வெடிமருந்துக் கிடங்கில் விழுந்து, ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக ஏறத்தாழ 270 பேர் ஒரே நொடியில் மாண்டனர். முதல் செமினோல் போர் இதன் தொடர்ச்சியே. இரண்டாம் போரை நடத்திய ஜெனரல் ஜெசப்போ, இது கறுப்பர் போர், செவ்விந்தியர் போர் அன்று என்று 1836-இல் தம் கைப்படவே எழுதினார்.

இன்னும் ஐயம் இருந்தால் 1837 மார்ச் மாத உடன்படிக்கையைப் பாருங்கள். செமினோல்கள் தங்களோடு வாழும் கறுப்பின மக்களையும் அழைத்துக்கொண்டு புளோரிடாவை விட்டு மேற்கே போகலாம் என்று ஜெசப் ஒப்புக்கொண்டார். நிலம் மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் போர் அங்கேயே முடிந்திருக்கும், ஏனெனில் நிலம்தான் கைக்கு வந்துவிட்டதே! ஆனால் தோட்ட முதலாளிகள் கொதித்தெழ, ஜெசப் வாக்கிலிருந்து வழுவினார். ஜூனில் சமாதானம் முறிந்து, 1842 வரை போர் இழுத்தது. 1837 அக்டோபரில் வெள்ளைக்கொடியின் கீழ் பேச வந்த செமினோல் போர்த்தலைவர் ஒசியோலாவைப் பிடித்ததும் அதே ஜெசப்பின் ஆணைப்படிதான்.

ஒசியோலாவை அடைத்த இடம் செயின்ட் அகஸ்டினின் சான் மார்கோஸ் கோட்டை. ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் அங்கேதான் அழைத்துப் போவேன். சிப்பித் துணுக்குகள் இறுகிப் பாறையான கொக்கினா என்னும் கல்லால் கட்டிய சுவர். விரலால் வருடினால் மணலாய் உதிரும். பீரங்கிக் குண்டு அதில் மோதினால் சுவர் பிளக்காது, உள்ளே புதையும் என்று பெருமையாக விளக்குவேன். அதே கோட்டையிலிருந்து 1837 நவம்பரில் செமினோல் தலைவர் கோவகூச்சியும் கறுப்பினத் தலைவர் ஜான் ஹார்ஸும் ஒன்றாகத் தப்பினார்கள். ஒரு செமினோல், ஒரு கறுப்பர், ஒரே இரவு. அந்தப் பெண் சொன்ன விடை அந்தச் சுவருக்குள்ளேயே இருந்தும், எத்தனையோ முறை போன எனக்கு அது கண்ணில் படவில்லை. ஐந்தே நிமிடக் கார்த் தொலைவில் இருக்கும் மோசேக்கு ஒருமுறைகூடப் போனதும் இல்லை.

"இங்கே சம்பாதித்துக்கொண்டு இந்த ஊரையே குறை சொல்கிறாயா" என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். குறை சொல்லவில்லை, ஊரின் பெயரைப் படிக்கிறேன். ஜாக்சன்வில் என்பது முதல் செமினோல் போரில் படை நடத்தி வந்த ஆண்ட்ரூ ஜாக்சனின் பெயர். மயாமி-டேட் மாவட்டத்தில் இருப்பது 1835-இல் செமினோல்களிடம் மாண்ட மேஜர் டேட்டின் பெயர். இவையெல்லாம் பழங்கதை என்பாருக்கு: ரோஸ்வுட் என்ற கறுப்பினச் சிற்றூரை வெள்ளையர் கும்பல் எரித்தது 1923-இல், மாநிலம் இழப்பீட்டுச் சட்டம் இயற்றியது 1994-இல். அதற்குள் எனக்கு ஊரில் கல்லூரிப் படிப்பே முடிந்துவிட்டது.

கடைசியில் ஒருநாள் மோசேக்குப் போனேன். பழைய கோட்டையின் சுவடு எதுவும் கண்ணுக்குப் படவில்லை. சதுப்புப் புல்லும், அதன்மேல் ஒரு மரப்பாலமும்தான். படம் எடுத்து அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு அனுப்பி, அவள் சொன்னதுதான் சரி என்று எழுதினேன். மறுநாள் பதில் வந்தது: "அந்த அஞ்சு மார்க்கை எப்ப அங்கிள் தரப் போறீங்கன்னு கேக்குறா."