அசியெண்டா – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெக்சிகோவில் வேலை பார்க்கிறேன். விடுமுறைக்கு யுகாத்தானில் ஒரு பழைய அசியெண்டாவில் தங்கப்போகிறோம், இப்போது அது ஹோட்டல். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள், எங்கிருந்து வந்தது? ராஞ்சோவும் அதுவும் ஒன்றா? படங்களைப் பார்த்தால், அந்தக் காலத்தில் எவ்வளவு நிம்மதியாக வாழ்ந்திருக்கிறார்கள் என்று ஏக்கமாக இருக்கிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்,

லத்தீனில் ‘ஃபாகியெண்டா’, செய்யவேண்டியவை என்று அர்த்தம். ஸ்பானியத்தில் முதல் ஒலி தேய்ந்து அசியெண்டா ஆனது. வேலையைக் குறித்த சொல் பிறகு சொத்தையும், அப்புறம் பெரும்பண்ணையையும் குறித்தது. ராஞ்சோ மெக்சிகோவில் சின்னப் பண்ணை, அமெரிக்க ‘ராஞ்ச்’ அதிலிருந்து வந்ததுதான். சரி, இதெல்லாம் அகராதியிலேயே கிடைக்கும்.

உங்கள் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். யார் நிம்மதியாக வாழ்ந்தார்கள்? கொஞ்ச நாளாக யுகாத்தான் பண்ணைகளைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே விளைந்தது எனெகென், கற்றாழை இனம், இலை நுனியில் ஊசிபோல முள். அதன் நாரைக் கயிறாக்கி அமெரிக்காவின் கோதுமைக் கதிர்களைக் கட்டினார்கள். இலையை அறுத்தவர்கள் மாயா மக்கள். போதாதென்று அப்போது மெக்சிகோவை ஆண்ட சர்வாதிகாரி போர்ஃபிரியோ தியாஸின் அரசு வடக்கே சொனோராவிலிருந்து யாக்கி பழங்குடி மக்களைக் குடும்பம் குடும்பமாகப் பிடித்து இங்கே அனுப்பியது.

பல பண்ணைகளில் கூலி காசாகத் தரப்படவில்லை. பண்ணையின் பெயர் பொறித்த உலோக வில்லை, அவ்வளவுதான். ஊரில் வேறெந்தக் கடையிலும் அது செல்லாது, பண்ணைக் கடையில்தான் மக்காச்சோளமும் துணியும் வாங்கியாகவேண்டும், விலை வைப்பதும் பற்று எழுதுவதும் முதலாளியின் ஆள். கல்யாணத்துக்கு வாங்கிய கடன் சாகும்வரை தீராது, ஓடிப்போனால் பிடித்து வந்துவிடுவார்கள். இதையா ஏக்கத்தோடு பார்க்கிறீர்கள்?

மெக்சிகோவின் 1917 அரசியல் சட்டத்தின் 123ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். கூலியைச் செலாவணியில் உள்ள பணமாகவே தரவேண்டும், சரக்காகவோ சீட்டாகவோ வில்லையாகவோ தரக்கூடாது, தொழிலாளியின் கடனைக் குடும்பத்தாரிடம் கேட்கக்கூடாது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தடுக்கிறது. நடந்ததை அறிந்தவர்கள் எழுதிய சட்டம் அது.

போகவேண்டாம் என்று சொல்லவில்லை அம்மா. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள். ஆனால் பண்ணைக் கடை எந்த அறையில் இருந்தது என்று அங்கே வேலை செய்பவர்களிடம் கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.