லிஃப்டை வாடகைக்கு எடுத்துக் காரை நானே பழுது பார்த்தால் பணம் மிஞ்சுமா?

கேள்வி: ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் அருகே மனைவி, குழந்தையுடன் வசிக்கிறேன். எங்களிடம் ஒன்பது ஆண்டு பழைய வோக்ஸ்வாகன் கோல்ஃப் பெட்ரோல் கார் இருக்கிறது. இன்னும் இரண்டு மாதத்தில் டியூஃப் பரிசோதனை, அதாவது கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் கட்டாயச் சோதனை, வருகிறது. முன்சக்கர பிரேக் டிஸ்க், பேட் இரண்டையும் மாற்றப் பட்டறையில் 480 யூரோவும், ஆயில் சர்வீசுக்கு 240 யூரோவும் கேட்கிறார்கள். வீட்டிலிருந்து 12 கிலோமீட்டரில், காரை உயர்த்தி நிறுத்தி அடியில் வேலை செய்ய உதவும் லிஃப்டை மணிக்கு 18 யூரோ வாடகைக்கு விடும் இடம் ஒன்று உள்ளது. கருவிகளுக்கு ஒவ்வொரு முறையும் 8 யூரோ தனி. 150 யூரோ முன்பணம் கட்டினால் பத்து மணி நேரம் பயன்படுத்தலாம் என்கிறார்கள். கல்லூரி விடுமுறைகளில் ஈரோட்டில் சித்தப்பாவின் மெக்கானிக் ஷெட்டில் வேலை பழகியிருக்கிறேன். 600 யூரோவில் ஒரு கருவிப்பெட்டி வாங்கி, இனி எல்லா வேலைகளையும் நானே செய்துகொள்ளலாமா?

பதில்: பிரேக் வேலையையும் ஆயில் மாற்றத்தையும் வாடகை லிஃப்டில் செய்யுங்கள், முன்பணமும் கருவிப்பெட்டியும் இப்போது வேண்டாம், எல்லா வேலைகளையும் நானே செய்வேன் என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். ஒவ்வொரு பழுதுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்ட பிறகே லிஃப்டைப் பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் என் உறுதியான கருத்து. மணிக்கு 18 யூரோ என்ற தொகை பார்க்கச் சிறியது. வேலை எத்தனை மணி நேரம் இழுக்கும் என்பதும், பட்டறைப் பில்லில் கூலியின் பங்கு எவ்வளவு என்பதுமே உங்களுக்கு என்ன மிஞ்சும் என்பதை முடிவு செய்கின்றன.

முதலில் பிரேக். இணையக் கடையில் நல்ல தரமான டிஸ்க்கும் பேடும் 135 யூரோவுக்குக் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேர லிஃப்டுக்கு 54, கருவிகளுக்கு 8, பிரேக் கிளீனர், கிரீஸ் போன்றவற்றுக்கு 10 என மொத்தம் 207 யூரோ ஆகும். 273 யூரோ மிஞ்சும். ஆனால் முதன்முறை செய்பவருக்கு இந்த வேலை மூன்று மணி நேரத்தில் முடியும் என்று நான் நம்பமாட்டேன். ஈரோட்டில் நீங்கள் கைவைத்த வண்டிகள் சாலை உப்பை அறியாதவை. இங்கே ஒன்பது குளிர்காலங்களைக் கடந்த காரில் டிஸ்க், சக்கரத்தைத் தாங்கும் மையப்பகுதியோடு துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கும்; அதைப் பிடித்திருக்கும் சிறிய திருகு இறுகிப்போய், திருப்பும்போது தலை மழுங்கிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும். அப்படி நடந்தால் திருகைத் துளைத்து எடுக்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே ஐந்து மணி நேரம் ஆகும் என்றும், அங்குள்ள மெக்கானிக்கின் உதவிக்கு 40 யூரோ கொடுக்க நேரும் என்றும் கணக்கிடுங்கள். அப்போது செலவு 283 யூரோ; மிச்சம் 197 யூரோ. போக வர ஒரு மணி, பாகங்களைத் தேடி வாங்க ஒரு மணி என்று சேர்த்தால் ஏழு மணி நேர உழைப்புக்கு மணிக்கு ஏறத்தாழ 28 யூரோ கிடைக்கிறது.

இந்த 28 யூரோவைச் சம்பளத்தோடு ஒப்பிடும்போது பலரும் ஒன்றைக் கவனிப்பதில்லை. அலுவலகத்தில் கூடுதல் நேரம் வேலை செய்து பெறும் தொகையில் வருமான வரியும் சமூகக் காப்பீட்டுப் பங்களிப்பும் போகும். எஞ்சியதிலிருந்து பட்டறைக்குக் கொடுக்கும்போது பில்லில் 19 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் அடங்கியிருக்கிறது. உங்கள் காரில் நீங்களே செய்யும் உழைப்புக்கு இந்த இரண்டும் இல்லை. எனவே உங்கள் மொத்தச் சம்பளத்தின் மணிக்கூலியை எடுத்து ஒப்பிடாமல், கைக்கு வரும் தொகையின் மணிக்கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே சமயம், பட்டறைப் பில்லை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் அதை நம்ப வேண்டாம். ஆண்டுக்கு 1,200 யூரோ வரை கிடைக்கும் கைவினைஞர் கூலிச் சலுகை வீட்டில் நடக்கும் வேலைகளுக்கே உரியது. வேலைக்குச் சென்று வரும் தூரத்துக்கான கழிவு காரின் வழக்கமான செலவுகளையெல்லாம் தன்னுள் அடக்கிவிடுவதால், பழுது பார்த்த பில்லுக்கும் லிஃப்ட் வாடகைக்கும் தனியாக எதுவும் கிடைக்காது.

ஆயில் மாற்றத்தில் கணக்கு இன்னும் சாதகமாக இருக்கிறது. உற்பத்தியாளரின் தர எண்ணுக்குப் பொருந்தும் ஐந்து லிட்டர் ஆயிலும் ஃபில்டரும் 45 யூரோ, ஒரு மணி நேர லிஃப்ட் 18, கருவி 8 என 71 யூரோவில் வேலை முடிந்துவிடும். 169 யூரோ மிஞ்சும். திருகு மழுங்கும் ஆபத்து இதில் குறைவு, நேரமும் முன்கூட்டியே தெரியும். பழைய ஆயிலை அகற்றத் தனிக் கட்டணம் கேட்டால் கவலைப்படாதீர்கள்: ஆயிலை உங்களுக்கு விற்றவர் அதே அளவு பழைய ஆயிலை இலவசமாகத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஜெர்மானியச் சட்டம். ரசீதை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். லிஃப்ட் வாடகையை மிச்சப்படுத்த நினைத்து வீட்டுத் தெருவில் ஆயிலை இறக்க வேண்டாம். மண்ணிலோ வடிகாலிலோ ஆயில் கலந்தால் அது குற்ற வழக்காகவே மாறக்கூடும். நீங்களே செய்ய மனமில்லை என்றால் இன்னொரு வழியும் உண்டு. வாடிக்கையாளர் கொண்டு வரும் ஆயிலை ஏற்றுக்கொள்ளும் பட்டறைகள் இருக்கின்றன; பட்டறையில் லிட்டருக்குக் கேட்கும் விலைக்கும் கடை விலைக்கும் உள்ள இடைவெளி 240 யூரோவில் கணிசமான பகுதியாக இருக்கக்கூடும் என்பதால், முதலில் அதை விசாரியுங்கள்.

குளிர்கால, கோடைக்கால டயர்களை மாற்றுவதற்காக மட்டும் லிஃப்டை எடுக்காதீர்கள். அந்த வேலையைப் பட்டறைகள் குறைந்த கூலிக்குச் செய்கின்றன; உங்களுக்கு 26 யூரோவும் அரை நாளும் செலவாகும்.

இப்போது முன்பணம். பத்து மணி நேரத்துக்கு 150 யூரோ என்பது 30 யூரோ தள்ளுபடி போலத் தோன்றும். நீங்கள் சொன்ன இரண்டு வேலைகளுக்கும் மிஞ்சிப்போனால் ஆறு மணி நேரம் போதும். அதற்கு வழக்கமான கட்டணம் 108 யூரோதான். மீதி நான்கு மணி நேரத்தை வீணாக்கக் கூடாதே என்று தேவையில்லாத வேலைகளைத் தேடத் தொடங்குவீர்கள். அந்த இடம் மூடப்பட்டால் கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவதும் எளிதல்ல. கருவிப்பெட்டியின் கணக்கு இதைவிடத் தெளிவானது: 600 யூரோவை 8 யூரோ வாடகையால் வகுத்தால் 75 முறை வருகிறது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை போகும் ஒருவருக்கு இது எந்தக் காலத்திலும் ஈடாகாது.

எந்த நாளில் போகிறீர்கள் என்பதும் பணத்தைப் பாதிக்கும். சனிக்கிழமை பிற்பகலில் ஆரம்பித்து ஒரு பாகம் பொருந்தாமல் போனால், ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்காது. சக்கரம் கழன்ற கார் லிஃப்டிலேயே நிற்கும். வாடகையோ இரவுக் கட்டணமோ ஏறும். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வேறு வழி தேட வேண்டும். வார நாள் காலையில் தொடங்குங்கள். காரின் பதிவுச் சான்றிதழில் உள்ள உற்பத்தியாளர், மாதிரி எண்களைக் கொடுத்துப் பாகங்களை வாங்குங்கள். பெட்டியைத் திறந்து, பழைய டிஸ்க்கின் விட்டத்தோடு புதியதைச் சரிபார்த்த பிறகே பிரிக்கத் தொடங்குங்கள். அக்டோபரிலும் ஈஸ்டரை ஒட்டிய வாரங்களிலும் டயர் மாற்றக் கூட்டம் அதிகம் என்பதால் முன்பதிவு அவசியம்.

டியூஃப் தேதிக்கு இரண்டு மாதம் இருப்பது உங்களுக்குச் சாதகம். குறைந்தது ஒரு மாதம் முன்னதாகவே பிரேக் வேலையை முடித்துவிடுங்கள். கார் லிஃப்டில் இருக்கும்போதே சைலன்சர் குழாய், ஆயில் கசிவு, சஸ்பென்ஷன் ரப்பர்கள் ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ளலாம். பரிசோதனையில் பெரிய குறை கண்டுபிடிக்கப்பட்டால் சரிசெய்து மறுபரிசோதனைக்கு வர ஒரு மாத அவகாசம் உண்டு. டியூஃப் பரிசோதனைக்கான கெடு தாண்டி இரண்டு மாதத்துக்கு மேல் போனால் 15 யூரோவில் தொடங்கும் அபராதம், எட்டு மாதத்தைத் தாண்டினால் 60 யூரோவும் ஓட்டுநர் பதிவேட்டில் ஒரு தண்டனைப் புள்ளியும் என்று உயரும்.

கூலி எவ்வளவு மிஞ்சினாலும் நீங்கள் தொடக் கூடாத வேலைகள் சில உண்டு. ஏர்பேக், ஏசி வாயு ஆகியவற்றைக் கையாளத் தகுதிச் சான்று தேவை. எஞ்சினின் உள்பாகங்களை ஒரே தாளத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டை ஒரு பல் தவறாக மாட்டினால் எஞ்சினே போய்விடலாம். அந்த இழப்பு பல ஆண்டுகளின் சேமிப்பை ஒரே நாளில் விழுங்கும். உங்கள் கோல்ஃபில் மின்சாரக் கைப்பிரேக் இருந்தால், பின்சக்கர பேடை மாற்றுவதற்குக் கணினிக் கருவியால் அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அந்தக் கருவி அங்கே கிடைக்குமா என்று கேட்காமல் அந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

காரில் உற்பத்தியாளரின் வாரண்டியோ, நீட்டித்த வாரண்டியோ, லீஸ் ஒப்பந்தமோ இருந்திருந்தால் என் பதில் மாறியிருக்கும். ஐரோப்பிய விதிகளின்படி சுயேச்சையான பட்டறையில் சர்வீஸ் செய்ததற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பாதுகாப்பு, சொந்தக் கையால் செய்து எந்தச் சான்றும் இல்லாத வேலைக்கு நீளும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒன்பது வயதுக் காருக்கு இந்தக் கவலை குறைவு. ஆனாலும் விற்கும் நாளில் சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை இல்லாததைக் காட்டி வாங்குபவர் விலையைக் குறைப்பார். பாகங்களின் பில், கிலோமீட்டர் கணக்கு தெரியும் புகைப்படம், லிஃப்ட் ரசீது மூன்றையும் ஒரே உறையில் சேர்த்து வையுங்கள்.

பிரேக் விஷயத்தில் ஒரு நிபந்தனையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முதல் முறை, கூடுதல் கட்டணம் கொடுத்தாவது அங்குள்ள மெக்கானிக்கை முடிவில் சரிபார்க்கச் சொல்லுங்கள். முறுக்குவிசை அளவிடும் ஸ்பேனரால் சக்கர போல்ட்டுகளை முறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மீண்டும் பாருங்கள். பேடை டிஸ்க் மீது அழுத்தும் காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளிய பிறகு முதல் மிதியில் பெடல் தரைவரை இறங்கும். கார் நின்ற இடத்திலேயே பலமுறை மிதித்து அழுத்தம் வந்த பின்னரே நகர்த்த வேண்டும். உங்கள் குழந்தை அந்தக் காரில்தான் வரப்போகிறது.

காப்பீட்டையும் பாருங்கள். தனிநபர் பொறுப்புக் காப்பீடுகள் பொதுவாக மோட்டார் வாகனப் பயன்பாட்டால் வரும் சேதத்தை விலக்கி வைத்திருக்கும். லிஃப்டுக்கோ பக்கத்துக் காருக்கோ சேதம் ஏற்பட்டால் யார் பொறுப்பு என்று அந்த இடத்தின் விதிமுறைகளில் படித்துவிட்டு, உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். கையில் அடிபட்டு நீண்ட விடுப்பு எடுக்க நேர்ந்தால் ஆறு வாரம் வரை முதலாளி முழுச் சம்பளம் தருவார். அதன் பிறகு அரசு மருத்துவக் காப்பீடு தரும் நோய்க்காலப் படியாக மொத்தச் சம்பளத்தில் 70 சதவீதமே, அதுவும் நிகரச் சம்பளத்தின் 90 சதவீதத்துக்கு மிகாமல் வரும்.

இரண்டு வேலைகளிலும் மிஞ்சும் ஏறக்குறைய 360 யூரோவை அதே வாரத்தில் தனிச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். ஒன்பது வயதுக் கார் அடுத்து கேட்கப்போகும் செலவு லிஃப்டில் நீங்களே முடிக்கக்கூடியதாக இருக்காது. நீங்கள் செய்வதைப் பார்த்து நண்பர்களும் தங்கள் காரைக் கொண்டு வருவார்கள். நட்புக்காக ஒரு கை கொடுப்பதில் தவறில்லை; லாப நோக்கில் கூலி வாங்கத் தொடங்கினால் அது பதிவு செய்யாத, வரி கட்டாத தொழிலாகி அபராதத்தில் முடியும். அவர்களிடம் பாகங்களின் விலையையும் லிஃப்ட் வாடகையையும் நேரடியாக அந்தந்த இடத்தில் கட்டச் சொல்லுங்கள். உங்கள் கைக்குப் பணம் வர வேண்டாம்.