வாசலில் ஆறும் தேத்தண்ணி

கேள்வி: வயது 41. வெள்ளவத்தையில் கணவர், மகன், மாமியோடு இருக்கிறேன். கொழும்புக் கோட்டையில் அலுவலக வேலை. விடிய ஐந்து மணிக்குக் கண் திறந்தவுடனேயே மனம் வெறுமையாக இருக்கிறது. ‘நன்றிக் கொப்பி’ எழுதினால் சரிவரும் என்று ஒரு வீடியோவில் பார்த்து, 40 நாளாக எழும்பியவுடன் மூன்று விஷயம் எழுதுகிறேன். கடற்காற்று, நல்ல சுகம், பிரபஞ்சம் தந்த புது நாள், இப்படி. மாமி அறை வாசலில் ஸ்டூலில் வைத்துவிட்டுப் போகும் தேத்தண்ணிகூட அதற்குள் ஆறிவிடும், அநேகமாக ஊற்றிவிடுவேன். இவ்வளவு செய்தும் உள்ளுக்குள் ஒன்றும் மாறவில்லை. எங்கே பிழை விடுகிறேன்?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: பிள்ளை, பிழை எங்கே என்று நீங்களே எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். “ஊற்றிவிடுவேன்.”

எங்கே ஊற்றுகிறீர்கள்? குசினித் தொட்டியில்தானே. பால் தேத்தண்ணி என்றால் சல்லடையில் ஆடை ஒட்டிக்கொண்டு நிற்கும். கோப்பைக்குள் மண்ணிறத்தில் ஒரு வளையம் காய்ந்திருக்கும். நீங்கள் ரயிலுக்கு ஓடின பிறகு அதைத் தேய்த்துக் கழுவுவது யார்? 40 நாள் என்று கணக்குச் சொல்கிறீர்கள். அப்படியென்றால் கொப்பியில் 120 நன்றி. தொட்டிக்குள் போன கோப்பைகளின் கணக்கு மாமியிடம் இருக்கும்.

அப்புறம், ஏன் வாசலில் வைக்கிறார்? கதவைத் தட்டி “பிள்ளை, தேத்தண்ணி” என்று கூப்பிட எவ்வளவு நேரம் ஆகும்? கூப்பிடுவதில்லை. கரைச்சல் கொடுக்க வேண்டாம் என்று நீங்கள் எப்போதோ சொல்லியிருக்கிறீர்கள். இல்லாவிட்டால் சொல்லாமலே முகத்தில் காட்டியிருக்கிறீர்கள். ஐந்து மணிக்கு ஸ்டூலுக்குத் தேத்தண்ணி வரவேண்டுமென்றால் அந்த மனுசி எத்தனை மணிக்கு எழும்பவேண்டும்? எழும்பும்போது அவருடைய முதல் நினைப்பு என்னவாக இருக்கும்? உங்கள் கோப்பைதான், வேறென்ன.

இப்படிக் கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. எல்லாருடைய கொப்பியிலும் கடலும் வானமும் பிரபஞ்சமும் வரும், வீட்டு ஆள் ஒருவர்கூட வரமாட்டார். கடற்காற்றா உங்களுக்குத் தண்ணி கொதிக்க வைத்தது?

வள்ளுவர் பதினோராவது அதிகாரத்துக்கு ‘நன்றி சொல்லல்’ என்று பெயர் வைக்கவில்லை. ‘செய்ந்நன்றி அறிதல்’ என்று வைத்தார். ஒருவர் செய்த நன்மையை அறிவது. செய்தவரைத் தெரியாமல் எதை அறிகிறது? எங்கள் பாட்டிமார் எழும்பியதும் உள்ளங்கையைப் பார்த்துச் சாமியைக் கும்பிட்டார்கள். பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா கண் விழித்ததும், உயிரைத் திருப்பித் தந்தவனுக்கே புகழ் என்று துஆ ஓதுவார். இரண்டிலும் நன்றி போய்ச் சேர ஒரு விலாசம் இருக்கிறது. உங்கள் கொப்பியில் அதுதான் இல்லை.

கொப்பி எழுதுவதையே நான் குறை சொல்லவில்லை. வீடியோக்காரர்கள் பிடித்துக்கொண்டிருப்பது ரொபர்ட் எமன்ஸ், மைக்கல் மெக்கலோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வை. அதன் முதல் பகுதியில் மாணவர்கள் வாரத்துக்கு ஒரு தடவைதான் எழுதினார்கள். எழுதியவற்றில் நண்பர்களின் தாராள மனமும் இருந்தது, தாய் தகப்பனும் இருந்தார்கள். அங்கேயும் ஆட்கள்தான், பாருங்கள்.

2022 பொருளாதார நெருக்கடி மறந்துவிட்டதா? மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. கேஸுக்கு வரிசை. ஒரு பால்மா பக்கெட்டுக்குக் கடை கடையாக ஏறி இறங்கினோம். அந்த நாட்களில் யாராவது பால் தேத்தண்ணி போட்டுத் தந்திருந்தால் ஆறிவிட்டது என்று ஊற்றியிருப்பீர்களா? பச்சைத்தண்ணி மாதிரிக் குளிர்ந்திருந்தாலும் ஒரே மூச்சில் குடித்திருப்பீர்கள்.

மாமிமார் எல்லாரும் தெய்வம் என்று நான் சொல்லவரவில்லை. எனக்கும் ஒரு மாமி இருந்தார், அந்தக் கதையை எழுத இந்தப் பக்கம் போதாது. ஆனால் வயதுபோன ஒருவர் இருட்டில் எழும்பி அடுப்பு மூட்டினால், அதைச் சூட்டோடு குடிப்பது மருமகளின் கடமை. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. மகனின் கடமையும்தான். உங்கள் கணவர் வீட்டில் இருக்கிறார் என்பதைத் தவிர அவரைப்பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் காணவில்லையே, அவருடைய கோப்பைக்கு என்ன நடக்கிறது? பெற்ற தாய் அவருக்கல்லவா!

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்கிறேன். அந்த வெறுமை காலையோடு நிற்காமல் நாள் முழுக்க, கிழமைக்கணக்கில் தொடர்ந்தால், நித்திரையும் சாப்பாடும் குறைந்தால், வைத்தியரிடம் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் எடுத்துக் கதைக்கலாம். அந்த நோய்க்கு என் ஏச்சு மருந்தில்லை.

அப்படி இல்லையென்றால், நாளைக்குக் கொப்பியைத் திறக்க வேண்டாம். ஸ்டூலில் கோப்பை வைக்கிற சத்தம் கேட்டதும் எழும்பிக் கதவைத் திறவுங்கள். கோப்பையோடு மாமிக்குப் பின்னால் குசினிக்குப் போய் அங்கேயே நின்று குடியுங்கள். “நன்றி மாமி” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பிள்ளைக்கு என்ன நடந்ததோ என்று அவர் பயந்துபோவார். இரவு நித்திரை கொண்டீங்களா, கால் நோ எப்படி என்று கேளுங்கள். முதல் நாள் பெரிதாக ஒன்றும் கதைக்கமாட்டார். நீங்களும் விட்டுவிடாதீர்கள். கொப்பியை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றது, அந்த ஸ்டூலை வாசலில் இருந்து எடுத்துக் குசினிக்குள் போடுங்கள். இரண்டு பேர் இருக்க இன்னொன்றும் வேண்டும்.