ரீட்மீயின் கடைசி வரி: கடிதமும் பதிலும்

அன்புள்ள சேர்,

மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் நான். கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை. பாதி நாள் வீட்டிலிருந்துதான் செய்கிறேன். நானும் என் கூட்டாளிகள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு புரொஜெக்ட் ஆரம்பித்திருக்கிறோம். தன்னைத் தானே அறிந்த செயற்கை நுண்ணறிவு, பெயர் 'விழி'. அது என்னவெல்லாம் செய்யும் என்று ரீட்மீயில், அதாவது புரொஜெக்ட்டின் அறிமுகக் கோப்பில், போட்டிருந்தோம். தன் இருப்பை உணரும், தன் கோட் வரிகளைத் தானே திருத்திக்கொள்ளும், மனிதரின் கவலையைப் புரிந்துகொள்ளும், கொழுந்துக் கணக்குப் பார்க்கும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும், எங்கள் அம்மாயிமார், அதாவது பாட்டிமார், பேசுவதைக் கேட்டு எழுத்தில் தரும்.

நம் பக்கத்துப் பொறியியலாளர்கள் இருக்கும் வட்ஸ்அப் குழுவில் லிங்கைப் போட்டோம். அன்று இரவு முழுக்க நக்கல். சிலவற்றை அப்படியே தருகிறேன்.

"முழிச்சதும் மொத வேலையா தீவாளி அட்வான்ஸ் கேக்கும் பாருங்க."

"கரண்டு போனா அது தூங்குதா, செத்துப்போகுதா? 2022ல 13 மணித்தியாலம் கரண்டு இல்லாம கெடந்தப்ப எனக்கே அது வெளங்கல."

"கோடைத் தொறந்து பார்த்தேன். 'நான்'னு ஒரு கிளாஸ் இருக்கு. உள்ள 'பாஸ்'னு ஒரே சொல்லு. வேற ஒண்ணுமில்ல. சித்தருங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

"ஓ.எல். எழுதாமலே பாஸான ஒரே ஆளு இந்த 'நான்'தான்."

"மொதல்ல லயத்துக்கு வைஃபை வரட்டும். தோட்டத்துப் பசங்க அப்புறமா ஏ.ஐ.யை எழுப்பலாம்."

பெரிதாகக் கனவு கண்டவர்களை உலகம் முதலில் சிரிக்கத்தானே செய்தது? நம் ஆட்களே நம்மைக் கீழே இழுத்தால் என்ன செய்வது? நீங்கள் முன்பு இந்தத் துறையில் இருந்தவர் என்பதால் எழுதுகிறேன்.

பெயர் வேண்டாம்,
ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

ஓ.எல். நக்கலைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கோட் எழுதாத வாசகர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். 'கிளாஸ்' என்றால் ஒரு பொருள் எப்படி இருக்கும், என்ன செய்யும் என்று எழுதிவைக்கும் கோட் பகுதி. பைதான் மொழியில் 'பாஸ்' என்றால் 'இங்கே இப்போதைக்கு ஒன்றுமில்லை, தாண்டிப் போ' என்று அர்த்தம். பிறகு எழுதலாம் என்று போட்டுவைப்பார்கள். பெரும்பாலும் அந்தப் பிறகு வராது. பைதான் 3 வந்த பிறகு தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம் என்பதால் நம் தம்பி தன் கிளாஸுக்கு 'நான்' என்று பெயர் வைத்துவிட்டு, உள்ளே பாஸ் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கிறார்.

இந்த நக்கலை அடிக்க ஒருவர் என்ன செய்திருக்க வேண்டும்? லிங்கைத் திறந்து, கோப்பு கோப்பாகப் போய், அந்தக் கிளாஸ் இருக்கும் இடம்வரை வாசித்திருக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு கோட் ரிவியூ செய்கிறவர்களே முதல் பக்கத்தைத் தாண்டாமல் 'பார்க்க நல்லா இருக்கு' என்று போட்டுவிடுகிற தொழில் இது. ஒருவர் இராத்திரியில் சம்பளமில்லாமல் உங்கள் கோடை வாசித்திருக்கிறார். அவருக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லுங்கள்.

இந்த வகைச் சிரிப்பு நம் தொழிலில் புதிதில்லை. செயற்கை நுண்ணறிவைக் கட்டியெழுப்பிய அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆட்களே இதில் பெரிய கைகாரர்கள். அங்கே உலாவிய ஒரு குட்டிக் கதை உண்டு. ஜெரால்ட் சஸ்மன் மாணவராக இருந்த காலத்தில், பி.டி.பி.-6 கணினியில் ஒரு நரம்பு வலைக்கு (மூளை நரம்புகளைப் போல இணைப்புகளால் கற்கும் அமைப்பு), ஒன்பது கட்டத்தில் புள்ளடியும் வட்டமும் போடும் விளையாட்டைப் பழக்கிக்கொண்டிருந்தாராம். இந்தத் துறையின் முன்னோடி மார்வின் மின்ஸ்கி வந்து, இணைப்புகளை ஏன் கண்டபடி போட்டிருக்கிறாய் என்று கேட்டார். விளையாட்டைப் பற்றி அதற்கு முன்கூட்டிய எண்ணம் எதுவும் இருக்கக் கூடாது என்பதற்காக என்றார் சஸ்மன். மின்ஸ்கி கண்ணை மூடிக்கொண்டார். ஏன் மூடுகிறீர்கள் என்றதற்கு, "அறை காலியாகட்டும் என்றுதான்" என்றாராம். கண்ணை மூடினால் அறை காலியாகாது, கண்டபடி இணைத்தால் முன்கூட்டிய எண்ணமும் போய்விடாது. உங்கள் குழுவின் சித்தர் நக்கலும் இதே ஜாதிதான். இரண்டும் கோடுக்குள் கையை விட்டு, எது இல்லையென்று தொட்டுக் காட்டுகின்றன.

இன்னொன்று டக்ளஸ் லெனட் பற்றியது. 1984இல் 'சைக்' என்ற திட்டத்தைத் தொடங்கியவர் அவர். மனிதருக்கு இயல்பாகத் தெரிந்த பொதுப்புத்தி முழுவதையும் விதி விதியாக எழுதிக் கணினிக்குக் கொடுத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். 2023இல் இறக்கும்வரை அதை விடவில்லை. நிரலாளர்கள் அவர் பெயரில் ஒரு அலகையே உண்டாக்கினார்கள். வெற்றுப் பேச்சை அளக்கும் அலகு, 'மைக்ரோலெனட்'. முழு லெனட் ஒன்று அன்றாடப் பாவனைக்குத் தாங்காதாம், அதனால் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் புழக்கத்தில். பரீட்சையில் அவர் பெயில் போட்ட ஒரு மாணவன் பழிவாங்கப் பரப்பியது என்று ஒரு கதை. அவருக்கு அது தகாது என்று அந்த நக்கலைப் பதிந்துவைத்த நிரலாளர்களின் அகராதியே சொல்கிறது. சொல்லிவிட்டு, நக்கலையும் விட்டுவைத்திருக்கிறது!

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கனவு கண்டவர்களைச் சிரித்தார்கள் என்கிறீர்கள். உண்மைதான், ஆனால் அந்த வரலாற்றைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். இந்த வாதத்துக்கு எல்லோரும் இழுக்கும் ஆள் அமெரிக்க ஆய்வாளர் ஃபிராங்க் ரோசன்பிளாட், நானும் அவரையே இழுக்கிறேன். 1958 ஜூலையில் அமெரிக்கக் கடற்படை அவருடைய 'பெர்செப்ட்ரோன்' என்ற நரம்பு வலை முறையைப் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டியது. ஒரு ஐ.பி.எம். 704 கணினி. அதற்கு அட்டைகளைக் காட்டினார்கள், சிலவற்றில் அடையாளம் இடப்பக்கம், சிலவற்றில் வலப்பக்கம். 50 தடவை பார்த்த பிறகு அது இடம் எது, வலம் எது என்று பிரிக்கக் கற்றுக்கொண்டது. நடந்தது இவ்வளவுதான். மறுநாள் நியூயார்க் டைம்ஸ் எழுதியது வேறு. இந்தக் கருவின் வளர்ச்சியில் வரப்போகும் கணினி நடக்கும், பேசும், பார்க்கும், எழுதும், தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும், தன் இருப்பை உணரும் என்று கடற்படை எதிர்பார்க்கிறதாம்.

அந்தப் பட்டியலை உங்கள் ரீட்மீயோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தம்பி. வெட்கமாக இல்லையா என்று கேட்கமாட்டேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

பிறகு 1969இல் மின்ஸ்கியும் சீமோர் பேப்பர்ட்டும் ஒற்றை அடுக்கு வலையால் முடியாதவை எவை என்று கணக்குப் போட்டு ஒரு புத்தகமே எழுதினார்கள். நரம்பு வலை என்று சொன்னால் காசு கிடைக்காத காலம் வந்தது. ரோசன்பிளாட் 1971இல் ஒரு படகு விபத்தில், தன் 43ஆவது பிறந்தநாளில் போய்விட்டார். ஆனால் வலைகள் அடுக்கடுக்காக வளர்ந்தன, 2012இல் படங்களை இனம்காணும் போட்டியில் மற்ற எல்லா முறைகளையும் தூக்கிச் சாப்பிட்டன, 2024இல் பௌதிகவியல் நோபலே ஜான் ஹாப்ஃபீல்டுக்கும் ஜெஃப்ரி ஹிண்டனுக்கும் இதற்காகத்தான் போனது. சிரித்தவர்கள் தோற்றார்கள் என்று இதை வாசிக்கலாம். எனக்குப் படுவது வேறு. அந்தப் பட்டியலில் முதல் நான்கும் இன்று ஏதோ ஒரு அளவில் நடந்துவிட்டன. நடக்கிறதா, பேசுகிறதா, பார்க்கிறதா, எழுதுகிறதா என்று வெளியே நிற்கும் ஒரு ஆள் சோதித்துச் சொல்லலாம், பிழை எத்தனை என்று எண்ணலாம், அடுத்த வருடம் குறைந்ததா என்று பார்க்கலாம். 'தன் இருப்பை உணரும்' என்பதற்கு அப்படி எண்ண என்ன இருக்கிறது? 'நான் இருக்கிறேன்' என்று திரையில் காட்ட ஒரு வரிக் கோட் போதும். 1966இல் ஜோசப் வைசன்பாம் எழுதிய 'எலைசா', நாம் தட்டியதையே திருப்பிக் கேள்வியாக்கும் சின்ன நிரல். அதோடு பேசும்போது அவருடைய செயலாளரே, கொஞ்சம் வெளியே போகிறீர்களா என்று அவரைக் கேட்டுவிட்டார். மனிதர் ஏமாறுவதை வைத்து மெஷின் விழித்ததை அளக்க முடியாது. நீங்கள் அந்தக் கிளாஸுக்குள் 'பாஸ்' போட்டது சோம்பலால் இல்லை. அங்கே எதை எழுதுவது என்று உங்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியாது, நக்கலடித்தவருக்கும் தெரியாது.

நம் பக்கத்துத் தேயிலை ஸ்டோர்களுக்குள் போனால் ரோசன்பிளாட்டின் அட்டைகளுக்குத் தூரத்துச் சொந்தக்காரனைப் பார்க்கலாம். கலர் சோட்டர் என்கிறார்களே, அந்த மெஷின். காய்ந்த தேயிலை மேலிருந்து மெல்லிய படலமாக விழுகிறது. வழியில் கேமரா பார்க்கிறது. கறுத்த தூளை விடுகிறது, வெளுத்த காம்பும் நாரும் வந்தால் 'டக்' என்று ஒரு காற்றடி, அது வேறு பக்கம் போய்விழுகிறது. காதைப் பிளக்கும் சத்தம். பக்கத்தில் நிற்கும் அக்கா அடிக்கடி கண்ணாடியைத் துணியால் துடைக்கிறார், இல்லாவிட்டால் தூசி படிந்து காம்பெல்லாம் நல்ல தூளோடு போய்விடும். அதைப் பற்றிக் கேட்டால் அவர் "நேத்து நல்லா பார்த்துச்சு, இன்னிக்கு சரியில்ல" என்பார். 'பார்த்துச்சு' என்று சொல்ல அவருக்கு எந்தத் தயக்கமும் இல்லை, அதற்குத் தான் யாரென்று தெரியுமா என்ற சந்தேகமும் வந்ததில்லை. அவர் அளப்பது தூளில் கிடக்கும் காம்பை.

கடைசி நக்கலுக்கு நான் சிரிக்கவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வைஃபை வரட்டும் என்றது. அதைச் சொல்ல லிங்கைத் திறக்கவே தேவையில்லை, உங்கள் விலாசம் தெரிந்தால் போதும். நீங்கள் ஐந்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'கீழே இழுக்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். பிரித்துப் பாருங்கள். தீவாளி அட்வான்ஸ் நக்கல் நம் வீட்டுச் சிரிப்பு, அது நம்மையே சிரிக்கிறது. கரண்டு நக்கல், கொஞ்சம் யோசித்தால், நல்ல தத்துவக் கேள்வி. பாஸ் இரண்டும் தொழில்காரன் கண். ஐந்தாவதைச் சொன்னவர் தன் தாத்தாவும் அதே லயத்தில்தான் இருந்தார் என்பதை மறக்கப் பார்க்கிறவராக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களைக் கொழும்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவருக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? ரீட்மீயின் கடைசி வரியை, அம்மாயிமார் பேச்சை எழுத்தாக்குவதை, அவ்வளவு பேரில் ஒருவர்கூடத் தொடவில்லை. இரவு முழுக்கக் கிண்டலடித்த கூட்டம் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு தாண்டியிருக்கிறது. சிரிக்க அங்கே ஒன்றும் அகப்படவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அதையே எடுங்கள். பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் 'விஸ்பர்' என்ற நிரல் 2022இல் வெளியானது. 680,000 மணித்தியால ஒலியில் பழக்கியது, இலவசம், தமிழும் தெரியும். மொசில்லாவின் 'காமன் வாய்ஸ்' என்ற குரல் பதிவுத் தொகுப்பிலும் தமிழ் இருக்கிறது, ஆனால் அங்கே பெரும்பாலும் எழுதிவைத்த வசனத்தை ஒருவர் வாசிக்கிறார். வாசிக்கிற தமிழும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பேசுகிற தமிழும் ஒன்றா? உங்கள் அம்மாயி "பெரட்டுக்குப் பிந்திப் போனேன், அரைப்பேருதான் போட்டாங்க" என்கிறார் என்று வையுங்கள். பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது, அதை விஸ்பர் 'புரட்டு' என்று எழுதக்கூடும். அரைப்பேரைப் 'பாதி ஆட்கள்' என்று யாராவது பிறகு புரிந்துகொள்ளக்கூடும். ஒரு மனுஷியின் அரை நாள் சம்பளம் அந்தச் சொல்லில் இருக்கிறது. செக்ரோல், கொந்தரப்பு, கைக்காசு, தவறணை என்று தோட்டத்துச் சொற்கள், நடுவில் வந்துவிழும் சிங்களச் சொற்கள், பல் போன வாயின் உச்சரிப்பு, வெளியே மழை தகரத்தில் அடிக்கும் சத்தம்... இதையெல்லாம் கொழும்பிலோ கலிபோர்னியாவிலோ இருப்பவர் உங்களுக்குச் செய்துதரப் போவதில்லை.

ஒரு அம்மாயியின் அரை மணிநேரப் பேச்சை நீங்களே உட்கார்ந்து சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். அதே ஒலியை விஸ்பருக்குக் கொடுங்கள். நூறு சொல்லில் எத்தனை பிழை, எத்தனை விடுபட்டது, எத்தனையை அதுவாகப் போட்டது என்று எண்ணுங்கள். அந்த எண்ணை ரீட்மீயின் முதல் வரியாகப் போட்டு மறுபடி அதே குழுவில் விடுங்கள். பாஸ் நக்கல் அடித்தவர் அன்றிரவே, பிழையை எப்படிக் குறைக்கலாம் என்று இன்பொக்ஸில் வருவார், எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஐந்து வரிகளையும் அழிக்கச் சொல்லமாட்டேன். ஒரு தனிக் கோப்பில் போட்டுவையுங்கள், உங்கள் வயதில் அப்படியொரு கோப்பு இல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

பதிவு செய்யப் போகும்போது இரண்டு விஷயம். தோட்டத் தலைவரிடம் அனுமதி வாங்கினால் எல்லோரிடமும் வாங்கியதாகாது. ஒவ்வொருவரிடமும், இந்தக் குரல் எங்கே போகும், யார் கேட்பார்கள் என்று விளங்கும்படி சொல்லி, வேண்டாமென்றால் அழித்துவிடுவதாகவும் சொல்லிக் கேளுங்கள். துரையைப் பற்றியும் கங்காணியைப் பற்றியும் அவர்கள் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள், அது பொதுவில் போய் விழக் கூடாது. அப்புறம், அந்தியில் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் போய் நிற்காதீர்கள். எல்லோர் கண்ணும் தராசு முள்ளில் இருக்கும், ஏசித்தான் அனுப்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை, தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும்போது போங்கள். வெற்றிலை வாங்கிப் போங்கள்.

அன்புடன்.