நெல் உலர்த்தி ரேடியேட்டரின் எயார் வென்ட் தண்ணீர் துப்புகிறது, மாற்றினாலும் ஒரு மாதத்தில் மறுபடி கசிகிறது. ஏன்?

நீங்கள் தந்த விபரம் இது: சம்மாந்துறைப் பக்கம் மில், உமிப் பொயிலர், உலர்த்திக்கு 2 பார் ஆவி, ரேடியேட்டரின் மேல் மூலையில் எயார் வென்ட் (உள்ளே தங்கும் காற்றைத் தானாக வெளியே விடும் வால்வு), இரண்டு தரம் மாற்றியாகிவிட்டது. மூன்றாவதை இப்போதைக்கு வாங்காதீர்கள். வென்ட் தண்ணீர் துப்பினால் அதன் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறி நிற்கிறது என்றுதான் அர்த்தம். அந்தத் தண்ணீரைத் தேட வேண்டும்.

வென்ட்டுக்குள் ஒரு சிறிய காப்சூல் இருக்கிறது. குளிர்ந்த காற்றோ தண்ணீரோ பட்டால் சுருங்கி வாயைத் திறக்கும், ஆவி பட்டால் விரிந்து மூடும். அதனால் காலையில் ஆவி விட்டதும் சில நிமிடங்கள் "ஸ்ஸ்" என்று ஊதுவது சரியான வேலை. ரேடியேட்டர் முழுக்கச் சூடான பிறகும் நிற்காவிட்டால்தான் பிழை.

முதலில் வாயைக் கவனியுங்கள். வாயை ஒட்டியே வெள்ளையாகச் சோம்பலாகப் புகைந்தால் அது சூடான தண்ணீர் வெளியே வந்து ஆவியாவது. வாய்க்கும் வெள்ளைப் புகைக்கும் நடுவே ஒன்றுமே தெரியாத ஒரு இடைவெளி இருந்து, சத்தமும் கூர்மையாக இருந்தால் உயிர் ஆவி (தண்ணீராகாத ஆவி) தப்புகிறது. அந்த இடைவெளிக்குள் கை போகக் கூடாது, அங்கே இருப்பது கண்ணுக்குத் தெரியாத ஆவி. வாயில் ஒன்றுமில்லாமல் மரைப் பக்கம் மட்டும் துரு வழிந்த கோடு இருந்தால் அது வெறும் மரைக் கசிவு. கழற்றி, பழைய தெப்லோன் ரேப்பைச் சுரண்டி எடுத்து, முதல் இரண்டு மரையை விட்டுப் புதிதாகச் சுற்றுங்கள். நுனி வரை சுற்றினால் துணுக்கு பிய்ந்து வென்ட்டின் இருக்கைக்குள் (வாய் மூடும்போது பொருந்தும் இடம்) போய்விடும்.

தண்ணீர்தான் வருகிறது என்றால் ஸ்டீம் ட்ராப்புக்கு (ஆவியை விடாமல் தண்ணீரை மட்டும் வடிய விடும் கருவி) போங்கள். ட்ராப் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் அது அடைத்திருக்கிறது. பெரும்பாலும் அதற்கு முன்னால் உள்ள வடிகட்டியின் சல்லடைதான் அடைத்திருக்கும். பெரும்போக அறுவடை முடிந்து சிறுபோக நெல் வரும் வரை மில் சும்மா கிடக்கும்போது, ஈரமும் காற்றும் சேர்ந்து பைப்பின் உட்பக்கம் துருப்பிடிக்கும். முதல் நாள் ஆவி விட்டதும் அந்தத் துருச் செதில்கள் சல்லடைக்கும் வென்ட்டுக்கும் வந்து சேரும். நீங்கள் சொன்ன "ஒரு மாதம்" இதனால்கூட இருக்கலாம்.

ட்ராப் நல்லதென்றால் பைப்பின் சரிவு. ஆவி போகும் திசையில் மீற்றருக்கு 1 சென்ரிமீற்றர், அதாவது 6 மீற்றர் பைப்புக்கு 6 சென்ரிமீற்றர் இறக்கம் வேண்டும். தாங்கிகளுக்கு நடுவே தொய்ந்த இடத்தில் தண்ணீர் குட்டையாக நிற்கும், ஆவி அதை அள்ளிக்கொண்டு வந்து மோதும். "டங் டங்" என்று கேட்பது அதுதான். அந்த அடியில் காப்சூல் உடைந்தால் வென்ட் பெரும்பாலும் திறந்தபடியே நின்றுவிடும். புது வென்ட் சீக்கிரம் சாவதற்கு எனக்கு முதலில் சந்தேகம் வருவது இதில்தான்.

அடுத்தது ட்ராப்பிலிருந்து போகும் குழாய். அது மேலே உள்ள தண்ணீர்த் தொட்டிக்கு ஏறுகிறதா? 1 மீற்றர் ஏற ஏறத்தாழ 0.1 பார் அழுத்தம் தேவை. வால்வைக் குறுக்கி ஓட்டும்போது ரேடியேட்டருக்குள் அவ்வளவு அழுத்தம் இல்லாமல் போனால் தண்ணீர் பின்னால் தேங்கி வென்ட் வரை வரும். முடிந்தால் கீழே ஒரு தொட்டிக்குத் தானாக வடிய விட்டு, அங்கிருந்து பம்பால் அனுப்புங்கள்.

கழற்றிய வென்ட்டின் இருக்கையை விரலால் தடவிப் பாருங்கள். செம்மண் நிறப் பொடி என்றால் துரு. வெள்ளைப் பொடி என்றால் பொயிலர் தண்ணீரே ஆவியோடு வருகிறது. கரையோரக் கிணறுகளில் உப்பு கூடும் இடங்களில் இது நடக்கும்: உப்பு ஏற ஏறப் பொயிலரில் நுரை எழும்பும், கேஜ் கிளாஸில் நீர்மட்டம் துள்ளும். உங்களுடையது ஷெல் பொயிலர் (பெரிய உருளைக்குள் தண்ணீர் நிற்கும் வகை) என்றால், கரைந்த உப்பு 3000 முதல் 3500 பிபிஎம்மைத் (லீற்றருக்கு மில்லிகிராம்) தாண்டாமல் புளோடவுன் செய்யுங்கள், அதாவது உப்பேறிய தண்ணீரில் கொஞ்சத்தை வெளியே விடுங்கள். மெயின் வால்வைப் படாரென்று திறப்பதும் தண்ணீரை அள்ளி எடுக்கும்.

வென்ட்டைச் சோதிக்க அதன் அடியில் உள்ள வால்வைப் பூட்டி, நன்றாக ஆறவிட்டுக் கழற்றுங்கள். வினாகிரியில் ஊறவைத்து, கழுவி, ஒரு றப்பர் குழாயால் ஊதினால் காற்று போக வேண்டும். பிறகு கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் அமிழ்த்தி, அதே குழாயால் ஊதினால் போகக் கூடாது. இரண்டும் சரியென்றால் வென்ட் நல்லது, திருப்பிப் போடலாம்.

கசிகிறதே என்று அந்த வாயில் பிளக் அடிப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். அடைத்தால் காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். 2 பாரில் தூய ஆவி 134 பாகை. அதில் நாலில் ஒரு பங்கு காற்றென்றால் 124 பாகைதான் கிடைக்கும். மானி அதே 2 பாரைத்தான் காட்டும், நெல் மட்டும் காயாமல் இழுபடும்.

போகம் தொடங்கும் நாளில் வென்ட் வால்வைப் பூட்டி வைத்து, அடி வடிகாலைத் திறந்து, மெயின் வால்வைக் கொஞ்சமாக விட்டு 10 முதல் 15 நிமிடம் துருவை வெளியே தள்ளுங்கள். சல்லடையைக் கழுவிய பிறகே வென்ட் வால்வைத் திறவுங்கள்.