சரணாலயத்தில் ஓர் அறிவியல் வகுப்பு

கேள்வி: நான்காம் வகுப்பு மாணவர்களை இயற்கைச் சரணாலயம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். நெடுந்தூரம் நடந்து பலவற்றைக் காட்டியும், திரும்பி வந்து அவர்கள் எழுதியதில் பேருந்துப் பயணமே நிறைந்திருந்தது. அடுத்த முறை என்ன செய்யலாம்?

பதில்: பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. முன்பின் பார்த்திராத இடத்தின் புதுமையே குழந்தையின் கவனத்தை ஈர்த்துக்கொள்வதால் பாடம் பின்தங்கிவிடுகிறது என்பதை ஜான் ஃபால்க்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1978-லேயே எழுதினார்கள். புறப்படுவதற்கு முன்பே வகுப்பறையில் அந்தப் புதுமையைக் குறைத்துவிட்டால் களத்தில் கற்பது கூடுகிறது என்று, 1994-ல் நிர் ஓரியனும் அவி ஹாஃப்ஸ்டீனும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எனவே எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், கழிப்பறை எங்கே இருக்கிறது, கைலென்ஸை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதையெல்லாம் வரைபடத்தோடு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நடையையும் குறையுங்கள். பெரிய விலங்குகளைக் காட்டுவதாக ஆசை காட்ட வேண்டாம். ஒரு வகுப்பே சேர்ந்து எழுப்பும் சத்தத்தில் அவை எதிரே வந்து நிற்கப் போவதில்லை. ஆழமற்ற ஓடை ஒன்று இருந்தால், நிர்வாகத்தின் அனுமதியுடன், அதன் நீர் எந்த நிலையில் இருக்கிறது என்ற ஒரே கேள்வியோடு அங்கேயே அமர்ந்துவிடுங்கள். நான்கு பேருக்கு ஒரு வெள்ளைத் தட்டு போதும். வலையில் அள்ளியதைத் தட்டு நீரில் கொட்டி, கலங்கல் தெளியும்வரை காத்திருந்தால், வயிற்றின் இருபுறமும் செவுள்கள் படபடக்க, மேஃப்ளைப் பூச்சியின் இளம் உயிரி நகர்வதைக் காணலாம். அவற்றில் பல வகைகளுக்கு ஆக்சிஜன் மிகுந்த தூய நீர் தேவை. மாறாக, ஹீமோகுளோபினால் சிவந்து, கொசுப்புழுவைப் போலத் தோன்றும் புழுக்கள் மட்டுமே மண்டியிருந்தால், அங்கே ஆக்சிஜன் குறைவாக இருக்கலாம் என்று ஐயப்பட இடமுண்டு. பெயரை உடனே சொல்லிவிடாமல் முதலில் வரையச் சொல்லுங்கள். பெயர் தெரிந்ததும் பார்ப்பதை நிறுத்திவிடுவது பிள்ளைகளின் இயல்பு. எங்கள் தட்டில் இருப்பது உங்கள் தட்டில் ஏன் இல்லை என்று இரண்டு குழுக்கள் வாதிடத் தொடங்கினால், நீங்கள் குறுக்கிடாமல் இருப்பதே நல்லது.

கேள்வி: இறகு, கூடு, இலை போன்றவற்றைப் பிள்ளைகள் எடுத்து வரலாமா?

பதில்: வேண்டாம். பல சரணாலயங்களில் அதற்குத் தடை உண்டு. படமும் குறிப்பும் வகுப்பறைக்குப் போதுமானவை. ஓடையில் பிடித்த உயிரிகளைப் பிடித்த இடத்திலேயே விட்டு, புரட்டிய கற்களைப் பழையபடி வைத்துவிட்டு, எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே உணவுப் பொட்டலங்களைப் பிரிக்க வேண்டும்.