அண்டர்மாட்டுக்குக் குடிவரும் தங்கச்சிக்கு

தங்கச்சி, கணவருக்கு அண்டர்மாட்டில் ஹோட்டல் குசினியில் வேலை கிடைத்திருக்கிறது, சுவிஸுக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது, இனி ஐந்து வயதுப் பிள்ளையோடு அங்கே குடிபோக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். "பனிச்சரிவு வருமாமே, ஊர்ச்சனம் வெளியாட்களோடு பழகாதாமே, வரலாமா அக்கா?" என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக வாருங்கள். நான் இங்கே பல வருடமாக இருக்கிறேன். ஸ்பிடெக்ஸில் வேலை. வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வருவேன். அப்படிப் போகிற வீடுகளில் காதில் விழுந்ததை வைத்துத்தான் உங்களுக்குப் பதில் சொல்கிறேன்.

முதலில் பனிச்சரிவு. ரயிலை விட்டு இறங்கித் தெற்கே பாருங்கள். பள்ளத்தாக்கின் சரிவுகளில் பெரும்பாலும் மரமே இல்லை, வெறும் புல்தான். ஊருக்கு நேர் மேலே மட்டும் முக்கோணமாக ஒரு காடு நிற்கும். அது தானாகத் தப்பிய காடு இல்லை. அதில் யாரும் மரம் வெட்டக் கூடாது என்று 1397ஆம் ஆண்டிலேயே இந்தப் பள்ளத்தாக்குச் சனம் கூடி எழுதி வைத்துவிட்டார்கள். குளிர் காய விறகு இல்லாத ஊர் இது. கண்ணெதிரே காடு நிற்கும்போது தலைமுறை தலைமுறையாக அதைத் தொடாமல் இருந்திருக்கிறார்கள். என்ன மாதிரியான கட்டுப்பாடு என்று நினைத்துப் பாருங்கள்!

அப்படியும் 1951 ஜனவரி 20ஆம் தேதி அடுத்தடுத்துச் சரிவுகள் இறங்கி 13 பேர் இறந்துபோனார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் முழுக்க அப்படித்தான் நடந்தது. அதற்குப் பிறகுதான் சரிவுகளில் தடுப்பு வேலிகளும் புதுக் கன்றுகளும் நிறைய வந்தன. நான் போகிற ஒரு வீட்டுப் பாட்டி அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. பனி விடாமல் கொட்டுகிற நாட்களில் ஜன்னலை விட்டு அசைய மாட்டார். நான் கதவைத் திறந்ததும் "எந்தப் பாதையால் வந்தாய்?" என்றுதான் கேட்பார். பயப்படாதீர்கள், ஆனால் பாதை மூடியிருக்கிறது என்று பலகை போட்டால் மறுபேச்சு வேண்டாம், திரும்பி விடுங்கள். குளிர்காலத்தில் ஃபுர்க்கா, ஓபரால்ப், கொத்தார்ட் மூன்று கணவாய் வீதிகளும் மூடிவிடும். ஷொல்லெனன் பள்ளத்தின் ஊடாகக் கீழே கோஷெனனுக்குப் போகும் வழியும் கடும் பனியில் அவ்வப்போது அடைபடும். அரிசி, பருப்பு, பிள்ளையின் மருந்தெல்லாம் வீட்டில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும்.

அப்புறம் சனம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மின்சாரத்துக்காக இந்தப் பள்ளத்தாக்கையே அணை கட்டி நிரப்பத் திட்டம் போட்டார்கள். அண்டர்மாட், ஹொஸ்பெந்தால், ரெயால்ப் மூன்று ஊரும் தண்ணீருக்குள் போயிருக்கும். வீடு, தேவாலயம், சவக்காலை எல்லாமே. பணம் தருகிறோம், வேறிடத்தில் காணி தருகிறோம் என்றார்கள். சனம் மறுத்துவிட்டது. 1946 பெப்ரவரி 19 இரவு, திட்டக்காரர்களின் பொறியியலாளர் ஊருக்குள் வந்திருப்பது தெரிந்ததும் நூற்றுக்கணக்கானவர்கள் திரண்டு அவரை அடித்து, கோஷெனன் பக்கமாகத் துரத்திவிட்டார்கள். அணைக்கு ஆதரவானவர் என்று ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தையும் உடைத்தார்கள். அடித்தது சரியென்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தத் திட்டம் பிறகு எழும்பவே இல்லை. அதற்குப் பதிலாக கோஷெனன் ஆல்ப்பில் அணை கட்டினார்கள், அங்கிருந்த சின்னக் குடியிருப்பு ஏரிக்கு அடியில் போய்விட்டது. அந்தச் சனத்துக்கு என்ன வலித்திருக்கும் என்று வன்னியிலிருந்து வந்த நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இன்றைக்கும் பள்ளத்தாக்கின் பெரும்பாலான நிலம் 'கோர்ப்பராற்றியோன் உர்செரன்' என்ற பழைய ஊர்ப் பொதுச்சபையின் சொத்து. ஒவ்வொரு மே மாதமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹொஸ்பெந்தாலில் திறந்த வெளியில் கூடி, கையை உயர்த்தித்தான் முடிவெடுக்கிறார்கள். நாம் அதில் உறுப்பினர் ஆக முடியாது, அது பழைய குடும்பங்களுக்கு உரியது. அதை ஒதுக்கல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிலத்தைப் பிரித்து விற்காமல் வைத்திருந்ததால்தான் இந்த ஊர் இன்னும் ஊராக இருக்கிறது என்பது என் எண்ணம்.

அதற்காக வெளியாட்களைக் காணாத ஊரும் இல்லை. ஷொல்லெனன் பள்ளத்தில் இருக்கும் பேய்ப் பாலத்தைக் கட்டியதிலிருந்தே இத்தாலிக்குப் போகிற வழி இதுதான். 1799இல் ரஷ்யத் தளபதி சுவோரோவின் படை பிரெஞ்சுக்காரரோடு அந்தப் பாலத்தடியில் சண்டை போட்டது. 1882இல் கொத்தார்ட் ரயில் சுரங்கம் ஊருக்கு அடியாலேயே போனதும் குதிரை வண்டிப் பிழைப்பு விழுந்தது. பிறகு ராணுவம் சோறு போட்டது. அது சுருங்கியபோது எகிப்தைச் சேர்ந்த சமீஹ் சாவிரிஸ் ஹோட்டல் திட்டத்தோடு வந்தார், 2007இல் ஊர் வாக்களித்து ஏற்றுக்கொண்டது. உங்கள் கணவரின் வேலையும் அப்படி வந்த ஹோட்டல்களில் ஒன்றில்தானே.

ஊரில் சுமார் 1,500 பேர்தான். கடையில், பேருந்தில், வீதியில் யாரைக் கண்டாலும் முதலில் நீங்களே வணக்கம் சொல்லுங்கள். சொல்லாமல் கடந்தால்தான் மனத்தில் வைத்துக்கொள்வார்கள். பிள்ளையைப் பனிச்சறுக்குக்கு அனுப்பத் தயங்காதீர்கள், 1972 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பெர்ன்ஹார்ட் ருஸ்ஸி பிறந்த ஊர் இது. கூட்டாளிகள் அங்கேதான் கிடைப்பார்கள். பாலத்தைக் கட்டிக் கொடுத்த பேய், முதலில் கடக்கும் உயிரைக் கூலியாகக் கேட்டு, கடைசியில் ஓர் ஆட்டோடு ஏமாந்துபோன கதையைப் பிள்ளை பள்ளியிலிருந்து கொண்டுவந்து உங்களுக்குச் சொல்லும். கோபத்தில் பேய் தூக்கி வந்ததாகச் சொல்லும் அந்தப் பெரிய கல்லை, நெடுஞ்சாலைக்காக 1977இல் 127 மீற்றர் தள்ளி வைத்தார்கள். கோஷெனனில் போய்ப் பார்க்கலாம்.

வீட்டுக்கு மட்டும் இப்போதே தேடத் தொடங்குங்கள். விடுமுறை வீடுகள் பெருகிவிட்டதால் அண்டர்மாட்டுக்குள் வாடகை அதிகம். ஹொஸ்பெந்தாலிலும் கோஷெனனிலும் கேட்டுப் பாருங்கள், இரண்டுக்கும் கால் மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடலாம். நம் கடைச் சாமானுக்கு நான் லுசேர்ன் போகிறேன், போக இரண்டு மணி நேரம் பிடிக்கும். நீங்கள் வந்ததும் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.